காசிமியெஷ் டோல்னி: ஆறு விலகியதா, அரசுகள் கெடுத்தனவா?

வரைபடப்பித்தன்:

கிராக்கோவ், வார்சா, குதான்ஸ்க் என்று போலந்தின் பெரிய நகரங்களையே இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை ஒரு சிற்றூர். விஸ்துலா ஆற்றின் கிழக்குக் கரையில், லூப்ளினுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது காசிமியெஷ் டோல்னி. மக்கள்தொகை 2,500 அளவில்தான். ஆனால் அதன் சந்தைச் சதுக்கத்தில் ப்ஷிபிவா சகோதரர்கள் இருவர் 1615இல் கட்டிய இரட்டை வீடுகளைப் படத்தில் பார்த்தாலே போதும். முகப்பு முழுக்கப் புடைப்புச் சிற்பம். ஒரு வீட்டில் புனித நிக்கோலஸ், இன்னொன்றில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர். வீட்டுக்காரர்களின் பெயர்களும் மிக்கோவாய், கிஷ்டோஃப் என்பவைதான். தங்கள் பெயர்கொண்ட புனிதர்களை வாசலுக்கு மேலே ஆளுயரத்துக்கும் பெரிதாக நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் பணமும் வேண்டும், கொஞ்சம் திமிரும் வேண்டும்.

அந்தப் பணம் தானியத்தில் வந்தது. நிலப்படத்தைப் பாருங்கள். தெற்கே சவிஹோஸ்ட் தொடங்கி வடக்கே புவாவி வரை விஸ்துலா மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கிழக்கே நவென்சுஃப் மேட்டுநிலம். அடியில் கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் பனியூழியில் காற்று கொண்டுவந்து கொட்டிய லோயஸ் என்னும் மஞ்சள் தூசிமண். கோதுமைக்கு இதைவிட நல்ல மண் கிடைப்பது அரிது. விளைச்சலும் அங்கேயே, ஆறும் அங்கேயே. மேட்டிலிருந்து ஆற்றுக்கு வண்டி இறங்க இயற்கையான பள்ளம் ஒன்று வேண்டும். க்ரோதாஷ் என்ற சிறு ஓடை அந்தப் பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறது. ஊர் அந்த ஓடையின் வாயில்தான் உட்கார்ந்திருக்கிறது.

என் கட்சி இதுதான்: ஆறு கொடுத்த ஊர், ஆறு விலகியதும் படுத்துவிட்டது. விஸ்துலா மெல்ல மேற்கே ஒதுங்கி, எதிர்க்கரை யானோவியெத்ஸ் பக்கம் சாய்ந்துகொண்டது. துறையில்லாத துறைமுகம் என்னவாகும்? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தானியக்கடை:

மறுக்கிறேன். ஆறு ஒதுங்கியது உண்மை. அதைக் கொலைகாரன் ஆக்குவது சரியில்லை. ஆறு ஒதுங்கினால் துறையை நூறு முழம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். விஸ்துலா நெடுகிலும் படகுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆண்டுதோறும் மணல்திட்டு இடம்மாறும் ஆறு அது.

வரிசையாகப் பாருங்கள். 1466இல் தோருன் நகரில் இரண்டாவது உடன்படிக்கை. டியூட்டானிக் வீரர் சபை என்ற ஜெர்மானியப் படைத்துறவியரிடமிருந்து குதான்ஸ்க் துறைமுகமும் விஸ்துலாவின் கீழ்ப்பகுதியும் போலந்து அரசரின் கைக்கு வருகின்றன. அதுவரை இந்த ஊர் ஒரு கோட்டையும் ஒரு தேவாலயமும் கொண்ட சாதாரணச் சிற்றூர். அதன்பிறகுதான் மேட்டுநிலத்துத் தானியம் தடையில்லாமல் கடல்வரை போகிறது. ஆறு ஒன்றுதான், மாறியது கழிமுகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது.

குதான்ஸ்க் வழியான தானிய ஏற்றுமதி உச்சம் தொட்ட ஆண்டு 1618. ஒரு லட்சம் லாஸ்டுக்கும் மேல். ஒரு லாஸ்ட் என்பது இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம். அதை டச்சுக் கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோயின. ப்ஷிபிவா வீடுகள் எழும்பியது 1615. இவ்வளவு பொருத்தமாக ஆண்டுகள் அமைவது எனக்கே வியப்பு.

வீழ்ச்சியையும் அப்படியே பாருங்கள். 1656 பிப்ரவரியில் சுவீடன் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவின் படை ஊரைக் கொளுத்தியது. அடுத்த ஆண்டு டிரான்சில்வேனியாவின் ராக்கோட்சி படை நாட்டைச் சூறையாடியது. 1772இல் அண்டை அரசுகள் போலந்தைப் பங்குபோட்ட முதல் பிரிவினையில் விஸ்துலாவின் கீழ்ப்பகுதி பிரஷ்யாவுக்குப் போனது. 1775 வணிக ஒப்பந்தத்தில் பிரஷ்ய மண் வழியே போகும் போலந்துச் சரக்குக்கு 12 விழுக்காடு சுங்கம். 1793இல் குதான்ஸ்க்கும் போயிற்று. 1795இல் இந்த ஊரே ஆஸ்திரியாவின் எல்லைக்குள் வந்துவிட்டது. ஆறு எங்கே போயிற்று? ஆறு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதன் குறுக்கே சுங்கச் சாவடி வந்தது.

லூப்ளின்வாசி:

இரண்டு பேரும் காகிதத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் படிப்புக்காக லூப்ளினில் இருப்பதால் அந்த ஊருக்கு அவ்வப்போது போய்வருகிறேன். இடத்தைப் பற்றிச் சில செய்திகள்.

புவாவியிலிருந்து வரும் சாலையில் ஊருக்குள் நுழையும்போதே தானியக் கிடங்குகள் தென்படத் தொடங்கும். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய, உயரமான, சன்னல் குறைந்த கட்டடங்கள். கூரைக்கு முன்னால் வளைவும் சுருளுமாக ஒரு முகப்புச் சுவர் எழுப்பியிருப்பார்கள். சிலவற்றில் கூரையே இல்லை. ஒன்று விடுதியாக இருக்கிறது. இன்னொன்று இயற்கை அருங்காட்சியகம். லோயஸ் மண்ணைப் பற்றி வரைபடப்பித்தன் எழுதியதெல்லாம் அங்கே கல்லும் மண்ணுமாகக் காட்சிக்கு இருக்கிறது. நல்ல காலத்தில் பல பத்துக் கிடங்குகள் கரை நெடுக இருந்தன. இன்று மிஞ்சியவை சிலவே.

இப்போது கிடங்குகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சாலை, மரங்கள், வெள்ளத்தடுப்புக் கரை எல்லாம் இருக்கின்றன. கிடங்குச் சுவரில் படகு கட்டிய காலத்தைக் கற்பனை செய்யக் கொஞ்சம் முயற்சி வேண்டும். அந்த வகையில் வரைபடப்பித்தன் சொல்வதில் கண்ணால் பார்க்கும் உண்மை உண்டு.

ஆனால் ஆறு விலகிவிட்டது என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். 2010 மே, ஜூன் மாதங்களில் தெற்கே பக்கத்து வில்குஃப் வட்டாரத்தில் கரை உடைந்து, பயிர்த் தோட்டங்களும் வீடுகளும் முழுகிப் போயின. பியருக்கான ஹாப் கொடி பயிராகும் ஊர்கள் அவை. ஆறு போனதாக அங்கே யாரும் நினைக்கவில்லை.

வழிப்போக்கன்:

ஒரு சந்தேகம். தானியம் அறுவடை ஆனதும் படகில் ஏற்றி அனுப்பிவிடலாமே. இத்தனை பெரிய கிடங்குகள் எதற்கு? அதுவும் ஒரு சிற்றூரில்?

வரைபடப்பித்தன்:

நல்ல கேள்வி. இதற்கு விடை ஆற்றில்தான் இருக்கிறது, தானியக்கடை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அறுவடை கோடையின் முடிவில். கதிரடித்து முடிக்க இலையுதிர்காலம் ஆகிவிடும். அந்நேரம் விஸ்துலாவில் தண்ணீர் குறைவு. கனத்த படகு மணலில் தட்டி நிற்கும். பிறகு குளிர்காலம், ஆறு உறைந்துவிடும். பனி உருகி வெள்ளம் வரும் வசந்தத்தில்தான் முழுப் பாரத்தோடு கீழே போகலாம். ஆனால் சாலைகளின் கணக்கு இதற்கு நேர்மாறு. வசந்தத்தில் லோயஸ் சாலை முழுக்கச் சேறு, வண்டி அச்சுவரை இறங்கும். குளிர்காலத்தில் தரை இறுகி, பனிமேல் சறுக்கு வண்டி எளிதாக ஓடும். ஆக, சாலை திறந்திருக்கும்போது ஆறு மூடியிருக்கிறது, ஆறு திறக்கும்போது சாலை மூடிக்கொள்கிறது. இடையில் தானியத்தை உலர்வாக வைத்துக் காக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் காசிமியெஷ். லூப்ளின் பக்கத்திலிருந்தும் அதற்குக் கிழக்கே வெகுதூரத்திலிருந்தும் வந்த வண்டிகள் இங்கே இறக்கிவிட்டுப் போயின.

வசந்த வெள்ளத்தில் பலவகைக் கலங்கள் கிளம்பும். பெரிய ஷ்குட்டாவுக்குப் பாய்மரம் உண்டு. அது குதான்ஸ்க்கில் சரக்கை இறக்கிவிட்டு, உப்பு, மத்தி மீன், துணி, ஒயின் ஏற்றி ஆற்றை எதிர்த்துத் திரும்பி வரும். கொமியெங்கா என்பது மரத்தை மேலோட்டமாக அடித்துக் கூட்டிய பெட்டி. அது திரும்பாது. குதான்ஸ்க்கில் தானியத்தை விற்று, கலத்தையும் விறகுக்கோ பலகைக்கோ விற்றுவிட்டு ஆட்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள்.

இதில் எந்த அரசருக்கும் பங்கில்லை. வெப்பநிலைதான் இந்த ஊரைக் கட்டியது.

தானியக்கடை:

கோபமெல்லாம் இல்லை தம்பி. கிடங்கின் காரணத்தை அழகாகச் சொன்னீர்கள், ஏற்கிறேன். "இதில் எந்த அரசருக்கும் பங்கில்லை" என்ற வரியைத்தான் ஏற்கமாட்டேன்.

அதே பருவம், அதே வெள்ளம், அதே லோயஸ் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்தன. அன்று கிடங்கு எங்கே? 1181இல் இளவரசர் நேர்மையாளர் காசிமிர் இந்த இடத்தைக் கிராக்கோவுக்கு அருகிலுள்ள நார்பெர்டைன் கன்னியர் மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அவர் பெயரால்தான் ஊர்ப்பெயர் வந்தது என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டில் மூன்றாம் காசிமிர், அதாவது பேரரசர் காசிமிர், கோட்டையும் தேவாலயமும் எழுப்பினார். 1406இல் யாகியெவ்வோ அரசர் மாக்தபுர்க் என்ற ஜெர்மானிய நகரச் சட்டப்படி ஊருக்கு நகர உரிமை கொடுத்து, சதுக்கத்தையும் தெருக்களையும் வகுத்தார். பிறகு ஃபிர்லெய் குடும்பத்தார் இந்தப் பகுதியை நிர்வகித்தார்கள். எதிர்க்கரை யானோவியெத்ஸ் கோட்டையும் அவர்களுடையதே. ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள், ஓர் ஓலை, ஒரு முத்திரை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்லவில்லை. அந்தத் தானியம் யார் உழைப்பு? பண்ணையடிமை முறை. போலந்துக் குடியானவன் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் வாரத்தில் பல நாள் உழ வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் விலை ஏற ஏற அந்த நாட்களின் எண்ணிக்கையும் ஏறியது. மேற்கு ஐரோப்பாவில் அடிமைமுறை தளர்ந்த காலத்தில் இங்கே அது இறுகியதற்கு இந்த ஏற்றுமதி ஒரு முக்கியக் காரணம். புனித கிறிஸ்டோபரின் சிற்பத்தை ரசிப்பவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும். ப்ஷிபிவாக்கள் பிரபுக்கள் அல்லர், வணிகர்கள். ஆனால் அவர்கள் கையில் வந்துபோன மூட்டை அந்த வயலில் விளைந்ததுதான்.

கல்தச்சன்:

நான் கட்டட வேலைக்காரன். மண்ணையும் கல்லையும் பற்றிச் சொல்கிறேன்.

லோயஸ் ஒரு விசித்திரமான மண். நுண்துகள், இடையில் சுண்ணாம்புப் பசை. உலர்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல நிற்கும். நனைந்தால் சரியும். மேட்டில் காட்டை வெட்டி உழத் தொடங்கியதும் மழைநீர் சரிவில் ஓடைகளை அரித்தது. சரிவில் ஏறி இறங்கிய வண்டிச் சக்கரங்கள் மண்ணைப் பொடியாக்க, மழை பொடியைக் கழுவ, சாலையே ஆண்டுக்கு ஆண்டு பூமிக்குள் இறங்கியது. இன்று ஊரைச் சுற்றி ஒரு சதுரக் கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான பள்ளங்கள் பின்னிக் கிடக்கும் இடங்கள் உண்டு. ஐரோப்பாவிலேயே மிக அடர்ந்த வலைகளில் இது ஒன்று. கோஷெனியோவி டூவ் என்ற பள்ளத்தின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் மண்சுவர், மேலே மரங்கள், அவற்றின் வேர்கள் எல்லாம் அந்தரத்தில். சுற்றுலாக்காரர்கள் அதை இயற்கை அதிசயம் என்கிறார்கள். அது ஒரு பழைய வண்டிப்பாதை.

ஆகவே வரைபடப்பித்தனுக்கு ஒரு சொல். புவியியல் ஊரைச் செய்தது என்கிறீர்கள். ஊரும் அந்தப் புவியியலைக் கொஞ்சம் செய்தது. அரித்துப்போன மண்ணெல்லாம் எங்கே போயிருக்கும்? பள்ளத்தாக்குக்கும் ஆற்றுக்கும்தான்.

இனிக் கல். ஊருக்குள்ளேயே பாறை வெட்டலாம், வெட்டினார்கள். வெள்ளையும் சாம்பலும் கலந்த, உளிக்கு இணங்கும் சுண்ணாம்புக் கல். 1561இலும் 1585இலும் பெருந்தீ. அதற்குப் பிறகு பணக்காரர்கள் கல்லுக்கு மாறினார்கள். தேவாலயத்தை 1610க்கும் 1613க்கும் இடையில் யாகுப் பாலின் என்ற கொத்தனார் தலைவர் புதுப்பித்தார். கூரையின் உட்புற வளைவில் சுதையால் செய்த கோடுகளும் வட்டங்களும் இதயங்களும் ஓடும். லூப்ளின் மறுமலர்ச்சிப் பாணி என்று இதற்குப் பெயர். உள்ளே 1620இல் செய்த ஆர்கன் இருக்கிறது. போலந்தில் எஞ்சியுள்ள மிகப் பழையவற்றுள் ஒன்று, இன்றும் வாசிக்கிறார்கள். 1635 வாக்கில் செலெய் குடும்பம் கட்டிய வீட்டின் மேல்முகப்பில் பறவைநாகங்களும் இன்னும் என்னென்னவோ விலங்குகளும். இத்தாலியத் தேர்ச்சி இல்லாத உள்ளூர்க் கைவேலை என்று சில அறிஞர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பிழையில்லாத முகப்பைக் கிராக்கோவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பழஞ்சுவடி:

இளைஞர்கள் வேகமாக எழுதுகிறீர்கள். படித்து மகிழ்ந்தேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இத்தனை பதிவுகளில் ஊரில் பாதிப்பேரைக் காணவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த ஊரின் மக்களில் ஏறத்தாழப் பாதி யூதர்கள். அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஊருக்குக் குஸ்மிர் என்று பெயர். சுவீடன் போர்களில் ஊர் பாழானபின் 1677இல் மூன்றாம் யான் சோபியெஸ்கி அரசர் ஆர்மேனிய, கிரேக்க, யூத வணிகர்கள் இங்கே குடியேற உரிமை அளித்தார். முதல் இரு கூட்டத்தாரின் தடம் மங்கிவிட்டது. யூதர்கள் தங்கிவிட்டார்கள். தானியக்கடை சொன்ன வீழ்ச்சிக்காலம் முழுவதும், மரம், தோல், சிறு வணிகம், கைத்தொழில் என்று இந்த ஊரை ஓட்டியவர்களில் அவர்கள் பெரும்பங்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யெகெஸ்கேல் தவுப் என்ற, ஹசீதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தின் குரு இங்கே அவை அமைத்திருந்தார். 1856இல் மறைந்தார். இசையில்லாத வழிபாட்டில் அவருக்கு நிறைவில்லை என்று சொல்வார்கள். அவருடைய பேரர் இஸ்ரயேல் தவுப் தொடங்கிய மோட்சிட்ஸ் மரபு இன்றும் மெட்டுகளுக்குப் பெயர்போனது. இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் அந்த மெட்டுகளைப் பாடுகிறார்கள். அதன் வேர் இந்த ஊர்.

எஸ்தெர்கா கதையையும் சொல்லலாம். பேரரசர் காசிமிருக்கு எஸ்தெர்கா என்ற யூதக் காதலி இருந்தாள், அருகிலுள்ள போகொட்னித்சாவில் அவளுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தார், கோட்டையிலிருந்து அங்கே சுரங்கப்பாதை வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் த்வுகோஷ் எஸ்தெர்காவைக் குறிப்பிடுகிறார், பாராட்டும் குரலில் அல்ல. சுரங்கம் வெறும் கதை. ஆனால் இரு சமூகமும் ஒரே கதையைத் தத்தம் வீட்டில் சொல்லி வந்தன என்பது கதையல்ல.

1940இல் ஜெர்மானியர்கள் இங்கே யூதர்களை அடைக்கும் கெட்டோவை அமைத்தார்கள். மேட்டிலிருந்த கிறித்தவ மடத்தை நாஜிகளின் இரகசியக் காவல்படையான கெஸ்டாப்போ எடுத்துக்கொண்டது. யூதக் கல்லறைகளின் கற்களைப் பெயர்த்து அதன் முற்றத்துக்குத் தளமாகப் பாவ வைத்தார்கள். 1942 மார்ச்சில் எஞ்சியிருந்தவர்களை ஓபோலே லூபெல்ஸ்கியே ஊருக்கு விரட்டி, அங்கிருந்து பெவ்ஷெத்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

ஊர் எப்போது வீழ்ந்தது என்று 1656ஆ, 1772ஆ என விவாதிக்கிறீர்கள். என் விடை 1942.

தானியக்கடை:

ஐயா, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. கேட்டது வணிகத்தின் வீழ்ச்சி. நீங்கள் சொன்னது ஊரின் அழிவு. இரண்டும் வேறுவேறு இழை என்றாலும் இரண்டாவது இல்லாமல் முதலாவதைப் பேசியிருக்கக் கூடாது.

லூப்ளின்வாசி:

பழஞ்சுவடி ஐயா சொன்ன கற்களின் பின்கதை. போருக்குப் பிறகு அவற்றை மடத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மீட்டார்கள். ஊருக்கு வெளியே செர்னியாவி என்ற இடத்தில் புதிய யூதக் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1984இல் ததேயுஷ் அவ்குஸ்தினெக் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் அங்கே அந்தக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து நீண்ட சுவர் எழுப்பினார்கள். சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அதன் வழியே நடந்து பின்னால் காட்டுக்குள் போகலாம். அங்கே சில கற்கள் நட்டபடியே நிற்கின்றன.

சதுக்கத்துக்குப் பின்னால் சின்னச் சந்தை இருக்கிறது. அங்கே யூதக் கசாப்புக்கடைகள் இருந்த மரக்கட்டடம் இன்னும் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம். போரில் பாழானதை 1953இல் வெளித்தோற்றம் கெடாமல் திரும்பக் கட்டினார்கள். கட்டி முடித்து என்ன செய்தார்கள் தெரியுமா? திரையரங்கு ஆக்கினார்கள். பல பத்தாண்டுகள் அங்கே படம் ஓடியது. இப்போது வார்சா யூதச் சமூகத்திடம் திரும்ப வந்து, உள்ளே பழைய ஒளிப்படங்களின் காட்சி இருக்கிறது. சதுக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

வழிப்போக்கன்:

கொஞ்சம் இலகுவான கேள்வி கேட்கலாமா? ஊர்மேட்டில் மூன்று சிலுவைகள் இருக்கின்றனவே, 1708 கொள்ளைநோயில் இறந்தவர்களுக்காக நட்டவை என்று எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. சரிதானே?

பழஞ்சுவடி:

சிலுவைகள் பற்றி அப்படிச் சொல்வது வழக்கம். பெரும் வடக்குப் போரின் காலம் அது. படைகள் போன இடமெல்லாம் கொள்ளைநோய் போயிற்று. ஆனால் அந்தக் குன்றை மூன்று சிலுவைக் குன்று என்று பதினாறாம் நூற்றாண்டு இலத்தீன் ஆவணம் ஒன்றே அழைக்கிறது. நோய் வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே பெயர் வந்துவிட்டது. வழிகாட்டி நூல் எழுதுபவருக்குக் கதை முக்கியம்.

வரைபடப்பித்தன்:

ஐயா குறிப்பிட்ட அந்தக் குன்றில் ஏறியவர்கள் ஊரை மேலிருந்து எடுத்த படங்களைப் பாருங்கள். சதுக்கம், தேவாலயம், அதற்குமேல் கோட்டை, இன்னும் மேலே ஏறத்தாழ இருபது மீட்டர் உயர வட்டக் கோபுரம். கோபுரத்தின் அடிச்சுவர் நான்கு மீட்டர் கனம். கோட்டையைவிடவும் பழையது. ஆற்றுவழியைக் கண்காணிக்க வைத்தது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். தானியக்கடை அண்ணன் சொன்ன சுங்கச் சாவடி எனக்கும் தெரியும். ஆனால் 1815க்குப் பிறகு புவாவி, லூப்ளின் எல்லாம் இதே ரஷ்ய ஆட்சியில்தான் இருந்தன. அவை வளர்ந்தன. இந்த ஊர் மட்டும் ஏன் வளரவில்லை? 1877இல் வார்சாவிலிருந்து லூப்ளின் வழியாகக் கிழக்கே ரயில் பாதை போட்டார்கள். அது புவாவி வழியே போயிற்று. செங்குத்தான மேடும் பள்ளமுமான காசிமியெஷ் பக்கம் வரவே இல்லை, இன்றுவரை வரவில்லை. வண்டிக்குப் பயன்பட்ட அதே பள்ளத்தாக்கு ரயிலுக்குத் தடை. இது புவியியல் இல்லாமல் வேறென்ன?

தானியக்கடை:

ரயில் வருமுன் நடந்ததைத் தாண்டிவிட்டீர்கள். 1863 ஜனவரிக் கிளர்ச்சி. அதை அடக்கிய ஜார் அரசு, 1869 ஆணையின்படி போலந்துச் சிற்றூர்கள் நூற்றுக்கணக்கில் நகர உரிமையைப் பறித்தது. காசிமியெஷும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டப்படி அது கிராமம் ஆயிற்று. திரும்ப நகரம் ஆனது 1927இல்தான், சுதந்திரப் போலந்தில். அரைநூற்றாண்டுக்கு மேல் தன் வருவாயைத் தானே கையாள முடியாத ஊருக்கு ரயிலைக் கேட்டு வாங்க வாய் ஏது? மேட்டில் ரயில் ஏறாது என்பதும் முழு உண்மையில்லை. நவென்சுஃப் பக்கம் அதே லோயஸ் மேட்டை வெட்டித்தான் அந்தப் பாதை போகிறது.

கல்தச்சன்:

இருவரும் இந்த ஊரின் வறுமையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள். அந்த வறுமை இல்லையென்றால் நாம் இந்த ஊரைப் பற்றிப் பேசியிருப்போமா? பணம் இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ப்ஷிபிவா வீடுகளை இடித்துவிட்டு நாலடுக்கு வாடகைக் கட்டடம் கட்டியிருப்பார்கள். லூப்ளினில் அப்படி எவ்வளவோ போயிற்று.

ஆனால் வறுமை காப்பாற்றியது என்று சொல்லி நிறுத்துவதும் சோம்பேறித்தனம். முதல் உலகப் போரில் 1915இல் ஊர் கடுமையாக அடிபட்டது. இரண்டாம் போரிலும் இழப்பு. இன்று சதுக்கத்தில் நின்று பார்க்கிற பலவும் கரோல் ஷிச்சின்ஸ்கி என்ற கட்டடக் கலைஞரின் கை பட்டவை. 1884இல் பிறந்து 1965இல் மறைந்தவர். இரண்டு போருக்குப் பிறகும் இந்த ஊரை அவர்தான் திரும்பக் கட்டினார். உள்ளூர்க் கல், மரச்சீவல் ஓடு, தாழ்ந்த சாய்கூரை, இதைத் தாண்டி யாரையும் கட்டவிடவில்லை. புதிய வீட்டைக்கூடப் பழைய ஊரோடு சேரும்படி வரைந்தார். படத்தில் நானூறு ஆண்டுப் பழமை என்று ரசிக்கிற தெருவில் அவர் 1950களில் வரைந்ததும் இருக்கும். தொழில்காரனாகச் சொல்கிறேன்: அந்த ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

அதோடு ஓவியர்கள். ததேயுஷ் ப்ருஷ்கோவ்ஸ்கி வார்சா நுண்கலைப் பள்ளியில் பேராசிரியர். 1920களில் கோடைதோறும் மாணவர்களை இங்கே கூட்டிவந்தார். 1925இல் அவர்கள் இங்கேயே புனித லூக்கா சகோதரர் குழு என்று ஓவியர் சங்கம் தொடங்கினார்கள். அவர் விமானமும் ஓட்டுவார். 1942இல் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மாணவர்களில் எஃப்ரைம், மெனாஷே செய்டன்பாய்டல் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள்; யூதர்கள். இருவரும் ஒரே சித்திரத்தில் மாறிமாறி வேலை செய்வார்களாம். 1945இல் ஃப்ளோசன்பூர்க் முகாமில், விடுதலைக்குச் சற்று முன் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தீட்டிய காசிமியெஷ் நிலக்காட்சிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சுற்றுலாவுக்கு இந்த ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்தார்தான். 1994இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே ஊரின் பெயர் வந்தது.

வழிப்போக்கன்:

அடுத்த கோடையில் வார்சா போகும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா? என்ன பார்க்க வேண்டும், என்ன தவிர்க்க வேண்டும்?

லூப்ளின்வாசி:

வார்சாவிலிருந்து புவாவி வரை ரயில், பிறகு பஸ். லூப்ளினிலிருந்தும் பஸ் உண்டு. ஒரு நாள் போதும், ஆனால் சனி, ஞாயிறு வேண்டாம். வார்சாவில் பாதி இங்கேதான் இருக்கும். ஜூன் கடைசியில் நாட்டுப்புறப் பாடகர்களின் விழா நடக்கிறது, 1967இலிருந்து நடக்கிறது. கூட்டம் இருந்தாலும் அதற்காக வரலாம். கிழவிகள் துணையிசை இல்லாமல் பாடுவதைக் கேட்க வேறு எங்கே போவது?

காலையிலேயே செர்னியாவிக்குப் போய்விடுங்கள். பிறகு கோஷெனியோவி டூவ். மழை பெய்த மறுநாள் என்றால் செருப்பு வேண்டாம், நல்ல காலணி போடுங்கள். கோட்டைக்கும் கோபுரத்துக்கும் டிக்கெட் உண்டு. சேவல் வடிவ ரொட்டியை எல்லாக் கடையிலும் விற்பார்கள். ஊரைப் பிடித்த பேயைச் சேவல் கூவிக் காட்டிக்கொடுத்தது என்று அதற்கு ஒரு கதை. பார்க்க அழகு, பல்லுக்குக் கொஞ்சம் சோதனை.

மதியத்துக்குமேல் படகுத்துறைக்குப் போய் எதிர்க்கரைக்குக் கடந்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஓடாது, கோடையில் ஓடும். யானோவியெத்ஸ் கோட்டையின் இடிபாட்டிலிருந்து பார்த்தால் ஆறு, வெள்ளத்தடுப்புக் கரை, மேடு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். வரைபடப்பித்தன் சரியா, தானியக்கடை சரியா என்று அங்கே நின்று நீங்களே முடிவு செய்யலாம்.

தானியக்கடை:

எதிர்க்கரையில் நின்று பார்த்தால் ஆறுதான் தெரியும், 12 விழுக்காடு தெரியாது. அவர் என் பக்கம் வரப்போவதில்லை என்பது இப்போதே தெரிந்துவிட்டது. புவாவியில் இறங்கியதும் அங்கே ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:

நிலையத்தைப் பார்க்கட்டும். அந்த இடத்தில் பள்ளத்தாக்கு எப்படி விரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், நிலப்படத்தோடு.